எலி வேட்டைக்காரருக்கு ஒரு பின்புலம்

சற்று நீண்ட பதிவு. மொழியியல் மாணவர்களும், பகடை உருட்டி ஆடுவோரும், இரண்டிலும் சேராதோரும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். என் பிழை ஒன்றை எழுதி வைப்பதே இதன் நோக்கம்.

மும்பையில் எங்கள் ஆய்வு மாணவர் விடுதியில் சனிக்கிழமை இரவுகளில் ஆறு பேர் கூடி ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறோம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட அந்தப் பாத்திரமேற்பு ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு எங்களுடையது. ஆடுவோர் ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் மட்டும் ‘டன்ஜன் மாஸ்டர்’ என்ற பெயரில் அந்த உலகத்தையும் அதிலுள்ள பிற மாந்தரையும் நடத்துவார். ஆய்வேட்டின் மூன்றாம் இயலிலிருந்து தப்பிக்க வழி தேடிய நான் அப்பொறுப்பை விரும்பி ஏற்றுக்கொண்டேன்.

புதிய கதையைத் தொடங்கும்போது மரபுப்படி எலிகளில் தொடங்கினேன். இவ்வகை ஆட்டங்களை அறிந்தோர்க்கு இது பழகிய வேடிக்கை. நாளை டிராகனைக் கொல்லப்போகும் வீரர்கள் இன்று ஏதோவொரு சத்திரத்தின் நிலவறைக்குள் இறங்கி எலி அடிப்பார்கள். எங்கள் குழுவின் இளையவர், முதுகலை முதலாண்டு மாணவி, உடனே சொன்னார்: “அக்கா, அப்படியென்றால் நான் எலி பிடிப்பவராகவே வருகிறேன். எனக்கு அந்தப் பின்புலத்தை எழுதித் தாருங்கள்.”

பின்புலம் என்பது இவ்வாட்டத்தில் ஒரு கலைச்சொல். வீரச்செயல்கள் தொடங்குமுன் அப்பாத்திரம் என்ன தொழில் செய்தது, யாரிடம் வளர்ந்தது என்பதை அது வரையறுக்கும். 2014இல் வந்த ஆட்டக்கையேட்டில் பதின்மூன்று பின்புலங்கள் உள்ளன. படைவீரர், மாலுமி, துறவி, உயர்குடியினர், அறிஞர் எல்லாரும் இருக்கிறார்கள். தெருப்பிள்ளைக்கு ஒரு வளர்ப்பு எலிகூட உடைமையாகக் கிடைக்கும். எலி பிடிப்பவர் மட்டும் இல்லை. 1986இல் பிரிட்டனில் வெளிவந்த ‘வார்ஹாமர்’ பாத்திரமேற்பு ஆட்டத்தில் அவர் இருக்கிறார். சிறிய, ஆனால் பொல்லாத நாய் ஒன்றும் அவருடன் வரும். அந்த நாயின் மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆகவே நானே எழுதுவதென முடிவு செய்தேன்.

இரண்டு மணி நேரத்தில் எழுதி முடித்தேன். ஒரு பின்புலத்துக்கு இரண்டு திறன்கள் வேண்டும். பதுங்கியியங்கல், தடம் அறிதல் என்று கொடுத்தேன். கருவிகளாகப் பொறியும் கோலும். சிறப்புக்கூறாக, எந்த மாளிகையின் பின்வாசலும் அவருக்குத் திறக்கும், யாரும் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இறுதியாக ‘குறை’ என்ற தலைப்பில் இப்படி எழுதினேன்: சாக்கடையின் நாற்றம் என்னைவிட்டு நீங்குவதில்லை, நான் நுழைந்தால் அவையில் பேச்சு நின்றுவிடும். அதற்கு ஆட்டவிதி ஒன்றையும் சேர்த்தேன். உயர்குடியினருடன் பேசும்போது இப்பாத்திரம் இருபது முகப் பகடைகள் இரண்டை உருட்டிச் சிறிய எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை அதை வாசித்தபோது மேசையைச் சுற்றியிருந்தோர் சிரித்தார்கள். ஒருவர் சிரிக்கவில்லை. அவர் பீகாரைச் சேர்ந்த வரலாற்றுத் துறை ஆய்வாளர். என் நெருங்கிய நண்பர். அன்றைய ஆட்டம் முடியும்வரை அவர் வழக்கம்போலவே ஆடினார். எல்லாரும் போன பிறகு, பகடைகளைப் பையில் போட்டபடியே கேட்டார்:

“அவன் பேசும்போது அவன் ஏன் இரண்டு பகடை உருட்டவேண்டும்? பழுது கேட்பவர் காதில்தானே? அந்தக் குறையை அந்தப் பிரபுவின் தாளில் எழுது.”

ஆட்டவிதியைப் பற்றிய கேள்வி என்றே முதலில் நினைத்தேன். “ஒவ்வொரு பிரபுவுக்கும் தனித்தாள் கிடையாதே” என்று விளக்கத் தொடங்கினேன். அவர் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நான் முசஹர்” என்றார்.

நான்கு ஆண்டு நட்பில் அவர் அதுவரை சொல்லாத செய்தி, நானும் கேட்டதில்லை.

பீகாரிலும் கிழக்கு உத்தரப்பிரதேசத்திலும் வாழும் முசஹர் மக்கள் பட்டியல் சாதியினர். பீகார் அரசின் மகாதலித் பட்டியலிலும் உள்ளவர்கள். 2014இல் அம்மாநிலத்தின் முதலமைச்சரான ஜீதன் ராம் மாஞ்சி இச்சமூகத்தைச் சேர்ந்தவர். தலைமுறை தலைமுறையாக நிலமற்ற உழவுத் தொழிலாளர்களாக இருந்தவர்கள். அறுவடைக்குப் பின் எலிவளையைத் தோண்டி எலியையும், எலி சேர்த்து வைத்த தானியத்தையும் எடுத்துப் பசியாறியவர்கள். பெயருக்கு ‘எலி உண்போர்’ என்று பொருள் கூறுவதே பெருவழக்கு. வேறு சொற்பிறப்பு விளக்கங்களும் உண்டு. அவற்றை நான் ஆர்வத்துடன் எடுத்துச் சொல்லத் தொடங்கியபோது நண்பர் கையமர்த்தினார். “வகுப்பில் என்னை அந்தச் சொல்லால் கூப்பிட்டவர்கள் யாரும் சொற்பிறப்பு அகராதி பார்க்கவில்லை. பொருள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆசிரியருக்கும்.”

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “நல்லிரவு” என்று சொல்லி அவர் போய்விட்டார்.

அறைக்குத் திரும்பியபின் என்னை உறுத்தியது இன்னொன்று. முதுகலை மாணவர்களுக்குச் சமூகமொழியியல் பயிற்சி வகுப்பு எடுக்கும்போதெல்லாம் வில்லியம் லபோவ் 1969இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையைத் தவறாமல் கற்பித்து வருகிறேன். நியூயார்க்கின் கறுப்பினச் சிறுவர்களுக்கு மொழிவளம் குறைவு என்று அன்றைய கல்வி உளவியலாளர் பலர் கூறிவந்தனர். சோதனை அறையில் பெரியவர் முன் ஓரிரு சொற்களில் பதிலளித்த சிறுவன், சூழல் மாறி, நண்பனும் உடனிருக்க, தரையில் அமர்ந்து தின்பண்டம் தின்றுகொண்டு பேசும்போது மடைதிறந்தாற்போல் பேசுவதை லபோவ் காட்டினார். குறை சிறுவனிடம் இல்லை, அவனை அளந்த சூழலில் இருக்கிறது என்பது அதன் சாரம். அதைத் தேர்வில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். அதே நான், ஓர் எலி பிடிப்பவரின் தாளில், பிரபுக்களின் அருவருப்பை அவருடைய குறையாகப் பதிந்து, அதற்குப் பகடைக் கணக்கும் எழுதியிருந்தேன். கற்பித்த கோட்பாடு கை வரை இறங்கவில்லை.

மறுநாள் காலை முதல் திருத்தத் தொடங்கினேன். முதற்சொல்லிலேயே தடுக்கியது. கையேட்டு நடையில் அப்பின்புலத்துக்கு நான் இட்ட பெயரில் ‘வெர்மின்’ என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. புழுவைக் குறிக்கும் ‘வெர்மிஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழியில், பிரெஞ்சு மொழியூடாக ஆங்கிலத்துக்கு வந்தது. எலி, மூட்டைப்பூச்சி, நரி, காகம் என்று உயிரியலில் எந்த உறவுமற்ற உயிர்களை அது ஒரே கூடையில் போடுகிறது. ஒன்றிணைக்கும் பண்பு ஒன்றே: அவை நமக்கு வேண்டாதவை. மனிதரையும் அச்சொல்லால் இகழ்வது ஆங்கிலத்தில் பழைய வழக்கு. ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்கு முன்னும் அதன்போதும் டூட்சிகள் கரப்பான்கள் என்று அழைக்கப்பட்டதை இத்துறையில் படிப்போர் அறிவர்.

தமிழில் இதற்கு நேரான அன்றாடச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. பூச்சிபொட்டு என்றால் எலி அடங்காது. தீங்குயிர், அழிப்புயிர் என்று நான் ஆக்கிப் பார்த்தவை அரசாணை நடையில் இருந்தன. எலி, சுண்டெலி, மூஞ்சூறு, பெருச்சாளி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்த மொழி, அவற்றை மொத்தமாக வெறுக்க ஒரு சொல் வைக்கவில்லை என்று எழுத ஆசைதான். ஒரு சொல் இல்லாமையிலிருந்து ஒரு பண்பாட்டுக்கு நற்சான்று வழங்குவது மொழியியலில் மிகப் பழைய தவறு. வெறுக்க வேண்டியவர்களுக்கு நம் மொழியில் சொற்பஞ்சம் இருந்ததே இல்லை.

நம் நாட்டுச் சட்டத்தில் ‘வெர்மின்’ இருந்தது. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் காகம், பழந்தின்னி வௌவால், சுண்டெலி, எலி ஆகியவை அத்தலைப்பில் பட்டியலிடப்பட்டிருந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையை நீக்கியது. ஆயினும் 62ஆம் பிரிவின்படி ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை மூலம், குறித்த பகுதியில் குறித்த காலத்துக்கு, ஒரு விலங்கை இவ்வகையில் சேர்க்கலாம். பீகாரின் சில மாவட்டங்களில் நீல்காயும் காட்டுப்பன்றியும் 2015 டிசம்பரில் ஓராண்டுக்கு அவ்வாறு அறிவிக்கப்பட்டன. ஆஸ்டின் விளக்கிய ‘செயல்புரி கூற்று’க்கு வகுப்பில் திருமணத்தையும் கப்பலுக்குப் பெயரிடுவதையும் எடுத்துக்காட்டாகச் சொல்லிச் சலித்தவர்கள் இதைச் சொல்லலாம். முந்தைய நாள் காவலுக்குரியதாக இருந்த விலங்கு, ஒரு வாக்கியத்தால் மறுநாள் கொல்லத்தக்கதாகிறது. விலங்கிடம் எதுவும் மாறவில்லை.

சொல்லிலிருந்து தொழிலுக்கு வந்தேன். முதல் வரைவில் நான் எழுதியவர் ஐரோப்பியச் சித்திரக்கதைகளிலிருந்து வந்தவர். விக்டோரியா அரசியின் எலி பிடிப்பாளர் என்று விளம்பரப்படுத்திக்கொண்ட ஜாக் பிளாக்கைப் பற்றி ஹென்றி மேஹ்யூ எழுதியிருப்பதை வாசித்திருக்கிறேன். அவர் சாயலே என் தாளில் இருந்தது. ஆனால் நான் வாழும் நகரத்திலேயே அத்தொழில் நடக்கிறது. மும்பை மாநகராட்சியின் பூச்சிக் கட்டுப்பாட்டுத் துறை இரவு எலிக்கொல்லிகளை வைத்திருக்கிறது. ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் கம்புமாகச் சந்தைகளின் பின்புறச் சந்துகளில் இரவெல்லாம் நடப்பவர்கள். ஓர் இரவுக்கு முப்பது எலி என்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட கணக்கு. இவர்களைப் பற்றிய ‘தி ராட் ரேஸ்’ என்ற ஆவணப்படம் 2011இல் வந்தது. 1896இல் இந்நகரில் பிளேக் பரவியதையும், எலியின் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்பதை 1898இல் கராச்சியில் போல் லூயி சிமோன் கண்டறிந்ததையும் நினைத்தால், அந்த முப்பது யாருக்காக என்பது விளங்கும். இரவு உணவுக்கு வெளியே போய்த் திரும்பும்போது அவர்களை நான் பலமுறை கடந்திருக்கிறேன். ‘யாரும் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்’ என்ற சிறப்புக்கூற்றை நான் எங்கிருந்து எடுத்தேன் என்பது அப்போது தெரிந்தது.

எங்கள் ஊர்ப்பக்கம் இத்தொழிலின் அறிவு இன்னும் விரிந்தது. டெல்டா வயல்களில் மூங்கிலை வில்லாக வளைத்து நாண் கட்டி வைக்கும் தஞ்சாவூர்க் கிட்டியைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்து இருளர்கள் வரப்பில் நடந்தபடியே எந்த வளை உயிருள்ளது, எது கைவிடப்பட்டது என்று புதுமண்ணையும் தடத்தையும் எச்சத்தையும் கொண்டு சொல்லிவிடுவர். மற்ற வாய்களைச் சேற்றால் அடைத்துவிட்டு, துளையிட்ட மண்பானைக்குள் வைக்கோலை மூட்டி, துளையில் வாய்வைத்து ஊதிப் புகையை உள்ளே செலுத்துவர். உதடும் கையும் வெந்துபோகும், நுரையீரல் கெடும். கையால் இயக்கும் புகைக்கருவி பிற்காலத்தில்தான் வந்தது. வளையைத் தோண்டினால் எலியோடு படிக்கணக்கில் நெல்லும் கிடைக்கும். நஞ்சு தூவாமல் வயலைக் காக்கும் முறை இது. இதே மக்களின் பாம்பறிவே 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கமாக உருப்பெற்று, நாட்டின் நஞ்சுமுறி மருந்துக்கு நஞ்சு தருகிறது. அச்சங்கத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டார்கள்; 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

இடையில் ஒரு சொல்லாய்வுக் குறிப்பு, தொழில் பழக்கம் விடவில்லை. ஆங்கிலத்தின் ‘பேண்டிகூட்’ தெலுங்கின் பந்திகொக்கு. பன்றி எலி என்று பொருள். விலங்கியலார் பெருச்சாளிப் பேரினத்துக்கு அதையே இலத்தீனாக்கிப் பெயரிட்டனர். ஆஸ்திரேலியாவில் குடியேறியோர் தொடர்பே இல்லாத ஒரு பைம்மாவுக்கும் அதே பெயரை வைத்தனர். 1996இல் அது ஒரு வீடியோ ஆட்டத்தின் நாயகனுக்குப் பெயராயிற்று. வயல்வெளிச் சொல் உலகைச் சுற்றி வந்துவிட்டது. வளையைத் தோண்டியவர்களுக்கு அந்தப் பயணம் வாய்க்கவில்லை.

ஆட்டத்தின் கூலிக் கணக்கையும் பார்க்க வேண்டியதாயிற்று. கையேட்டின்படி ஒரு பேரெலியைக் கொன்றால் இருபத்தைந்து அனுபவப் புள்ளி. இரண்டாம் நிலைக்கு உயர முந்நூறு வேண்டும். ஆக, நிலவறையில் தனியாகப் பன்னிரண்டு பேரெலிகளைக் கொன்றவர் ஒரு படி உயர்ந்துவிடுவார். 1902இல் ஹனோய் நகரச் சாக்கடைகளில் எலி பெருகியபோது பிரெஞ்சுக் காலனி அரசு ஏறத்தாழ இதே முறையை வைத்தது: எலி வால் ஒன்றுக்கு இவ்வளவு காசு. விரைவில் வாலில்லா எலிகள் நகரில் நடமாடின. வாலை மட்டும் அறுத்துவிட்டு எலியைப் பெருகவிட்டார்கள். எலி வளர்த்தவர்களும் இருந்தார்கள். வால் கொடுத்தால் காசு என்றவர்களுக்கு வால் கிடைத்தது. உயிரை எண்ணிக் கூலி கொடுக்கும்போது எலி பிடிப்பவருடைய அறிவு, வளை எங்கே, ஏன் இங்கே, எப்போது பெருகும் என்ற அறிவு, கணக்கில் வருவதே இல்லை. என் ஆட்டமும் அவருக்கு வால் கணக்கில்தான் கூலி கொடுத்திருக்கும்.

இரண்டாம் வரைவு இப்படி அமைந்தது. திறன்கள்: இயற்கையறிவு, பிழைப்புத்திறன். கருவிகள்: மூங்கில் கிட்டி, புகைப்பானை, கடப்பாரை, தானியப் பை. சிறப்புக்கூறு: ‘வளை வாசிப்பு’. எந்தக் கட்டடத்திலும் நிலத்திலும் கீழே எத்தனை வழிகள், எது புதிது, எது எங்கே முடிகிறது என்று இப்பாத்திரம் சொல்ல முடியும். அதற்குப் பகடை உருட்ட வேண்டியதில்லை. வளையில் கிடைக்கும் தானியம் தோண்டியவருக்கே உரியது. ஊரார் மறுத்தால் அது வழக்காகும். புள்ளி, கொன்ற எலிக்கு இல்லை. எலி வந்த காரணத்தைக் கண்டறிந்தால் உண்டு. ‘குறை’ என்ற இடத்தில்: புகையால் என் மூச்சு கெட்டுவிட்டது, அதை உடன் வருவோரிடம் சொல்ல மாட்டேன். பிரபுக்கள் முகம் சுளித்தால் அது பிரபுக்களின் தாளில் எழுதப்படும். இப்பாத்திரத்துடன் பேரம் பேசும் பிரபுவே இரண்டு பகடை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். அருவருப்பு அவர் கவனத்தைக் கெடுக்கும் என்பது காரணம்.

அடுத்த சனிக்கிழமைக்கு முன் இதை நண்பரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மன்னிப்பும் கேட்டேன். முழுவதும் வாசித்தார். புகைப்பானை அவர் பக்கத்திலும் உண்டு என்றார். அதற்கு அவர்கள் மகஹியில் வழங்கும் சொல்லைச் சொன்னார். தானிய உரிமை வரியில் நின்று, “இதை என் தாத்தாவிடம் சொல்லியிருக்க வேண்டும்” என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஒரு முட்டாள்தனமான கேள்வி உடனே பிறந்தது. “அப்படியென்றால் இந்தப் பாத்திரத்தை நீயே ஆடுகிறாயா?”

அவர் சிரித்துவிட்டார். இம்முறை உண்மையாகவே.

“எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை ஆடிவிட்டது. நான் மந்திரவாதி. அறிஞர் பின்புலம், நூலகத்தில் வளர்ந்தவன். நிலவறைக்கு வேறு யாராவது இறங்கட்டும்.”

அந்த விடையை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். மதிப்புடன் எழுதிவிட்டதால் அப்பாத்திரம் அவருக்கு நான் தரும் பரிசாகிவிடும் என்று நினைத்திருக்கிறேன். ஒருவரின் தொழிலறிவைப் போற்றுவதும், அத்தொழிலிலிருந்து வெளியேற அவருக்குள்ள உரிமையை மதிப்பதும் இரு வேறு கடமைகள். முதலாவதை மட்டும் செய்துவிட்டு நிறைவடைவது எங்களைப் போன்ற ஆய்வாளர்களுக்கு எளிது. பழங்குடி அறிவு, மரபறிவு என்று கட்டுரைத் தலைப்பு வைக்கும்போது, அந்த அறிவோடு வந்த பசியையும் வெந்த உதட்டையும் மறுதலைமுறை வேண்டாமென்று சொல்லும் இடத்தை நாம் விட்டுவைக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆட்டம் நடந்தது. எலி பிடிப்பவராக அந்த முதுகலை மாணவியே வந்தார். நிலவறைக்குள் இறங்கி, கம்பை ஓங்காமல், சுவரோரம் குந்தி அமர்ந்து வளைகளை எண்ணினார். சத்திரக்காரர் பஞ்ச காலத்தில் ஊர்த் தானியத்தைச் சுவருக்குப் பின்னால் பதுக்கி வைத்திருப்பதும், எலிகள் அதைத் தேடி வந்திருப்பதும் தெரியவந்தன. மந்திரவாதி படியின் மேற்புறத்தில், காய்ந்த இடத்தில் நின்றபடி, விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று யாரும் எந்த எலியையும் கொல்லவில்லை.

பின்புலத் தாள் தமிழிலும் இந்தியிலும் உள்ளது. வேண்டுவோர் கேட்டால் அனுப்புகிறேன். ஒரு வேண்டுகோளும் உண்டு. எலிவளை, அதன் அறைகள், அதன் பின்வழி, புகைபோடும் கலம், கிட்டி வகைகள் ஆகியவற்றுக்கு உங்கள் ஊரில் வழங்கும் சொற்களைக் கீழே எழுதுங்கள். யார் சொன்னார்கள், என்ன வேலை செய்தவர் என்பதையும், அவர் இசைந்தால் மட்டும், சேர்த்து எழுதுங்கள்.